கையெழுத்துக்கு முன் கழிந்த மாதங்கள்

தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களின் 14-ஆவது ஊதிய ஒப்பந்தம் 2022 ஆகஸ்ட் 24 அன்று கையெழுத்தானது. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்திருக்க வேண்டிய ஒப்பந்தம் அது. போக்குவரத்துக் கழகங்களில் நெடுநாளைய வழக்கம் மூன்றாண்டு ஒப்பந்தம்தான். அந்த வழக்கத்தை விடாமல் பிடித்திருந்தால், இந்த ஒப்பந்தம் கையெழுத்தான ஏழாம் நாளே, ஆகஸ்ட் 31 அன்று, முடிந்து போயிருக்கும். அந்தச் சங்கடத்தைத் தவிர்க்க ஒரு வழி கண்டார்கள்: ஒப்பந்தக் காலத்தையே நான்கு ஆண்டாக்கிவிட்டார்கள். மூன்றாண்டு காத்திருந்த தொழிலாளி, அடுத்த உயர்வுக்கு இன்னும் ஓராண்டு கூடுதலாகக் காத்திருக்கலாம் என்று பொருள்.

ஊதியப் பேச்சுவார்த்தை பற்றி நாளிதழில் வருவது பெரும்பாலும் சதவீதம்தான். ஐந்து கொடுத்தார்கள், ஆறு கொடுத்தார்கள், பத்து கேட்டார்கள். பணிமனை வாயிற்கூட்டத்தில் நிற்பவர்கள் கேட்பது வேறு: "எந்த மாசத்துலேர்ந்து?" அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கும் அடிப்படை. ஒப்பந்தம் எந்த நாளில் கையெழுத்தாகிறது, உயர்வு எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது, பணம் எந்த நாளிலிருந்து கைக்கு வருகிறது, எந்த நாள் வரை இதை வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும் என்ற நான்கு தேதிகளுக்குள் சதவீதத்தைவிடப் பெரிய பணம் புழங்குகிறது. அந்தப் பணம் சம்பளச் சீட்டில் தெரியாது. அதனால் அதைப் பற்றிப் பேசுவாரும் குறைவு.

இதைப் பார்க்கத் தண்டையார்பேட்டை தோதான இடம். மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்கு இங்கே பணிமனை இருக்கிறது. ராயபுரம் தாண்டினால் துறைமுகம். ஒரு வீட்டில் கண்டக்டர், பக்கத்து வீட்டில் ஹார்பரில் மஸ்தூராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், மாடியில் கன்டெய்னர் முனையத்தில் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கும் இளைஞர் என்பது டி.எச். ரோட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் அதிசயமில்லை. இந்த மூவரில் முதல் இருவருக்கு ஊதிய ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. மூன்றாமவருக்கு இந்த ஒப்பந்தங்கள் எதிலும் இடமில்லை. அவரிடம் பிறகு வருவோம்.

முதலில் பேருந்து. வடசென்னைப் பேருந்துகளின் நெற்றியில் பெயர்ப்பலகை பலமுறை மாறியிருக்கிறது. 1972-இல் பல்லவன், 1994-இல் பிரிக்கப்பட்டு டாக்டர் அம்பேத்கர், 2001-இல் மறுபடி ஒன்றாகி மாநகரப் போக்குவரத்துக் கழகம். பெயர் எதுவானாலும் ஊதியம் மாநிலம் முழுவதற்கும் ஒரே மேசையில்தான் பேசப்படுகிறது. 13-ஆவது ஒப்பந்தம் 2016 செப்டம்பர் 1-இல் தொடங்கியிருக்க வேண்டும். 2017 மே மாதத்தில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தும் முடியவில்லை. 2018 ஜனவரி 4 அன்று மாலை குரோம்பேட்டையில் நடந்த பேச்சில் ஆளுங்கட்சிச் சார்புச் சங்கமும் வேறு சில சங்கங்களும் 2.44 என்ற காரணிக்குக் கையெழுத்திட்டன. திமுகவின் தொழிலாளர் முன்னேற்றச் சங்கம் (தொமுச), சிஐடியு உள்ளிட்டவை 2.57 கேட்டு வெளியேறின. அன்றிரவே பேருந்துகள் பணிமனைக்குத் திரும்பத் தொடங்கின. மறுநாள் உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது, தொழிலாளர்கள் திரும்பவில்லை. எட்டு நாள் கழித்து, ஓய்வுபெற்ற நீதிபதி இ. பத்மநாபன் நடுவராக நியமிக்கப்பட்ட பிறகுதான் வண்டிகள் ஓடின.

2.44-க்கும் 2.57-க்கும் என்ன பெரிய வேறுபாடு என்று வெளியாருக்குத் தோன்றும். பழைய அடிப்படை ஊதியத்தை எந்த எண்ணால் பெருக்கிப் புதிய ஊதியம் காண்பது என்பதே சண்டை. பழைய அடிப்படை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு காரணியில் 24,400, மற்றதில் 25,700. மாதம் 1,300 ரூபாய். அகவிலைப்படியும் ஓய்வுக்காலப் பணமும் அதன்மேல் கட்டப்படுவதால், அந்தத் தசம இடத்தின் நிழல் வாழ்நாள் முழுதும் கூடவே வரும். எட்டு நாள் ஊதியத்தை இழந்து தொழிலாளர் நின்றதற்குக் காரணம் இருந்தது.

14-ஆவது ஒப்பந்தத்தின் கதையை மேலே சொன்னேன். இடையில் பெருந்தொற்று வந்தது என்பதை மறுக்க முடியாது. 2020-இல் மாதக்கணக்கில் பேருந்தே ஓடவில்லை. 2021 பிப்ரவரி இறுதியில் மூன்று நாள் வேலைநிறுத்தம் நடந்து, 1,000 ரூபாய் இடைக்கால நிவாரணம் அறிவிக்கப்பட்டது. பிறகு தேர்தல், ஆட்சி மாற்றம். 15-ஆவது ஒப்பந்தம் 2023 செப்டம்பர் 1-இல் தொடங்க வேண்டியது. 2024 ஜனவரி 9, 10 தேதிகளில் பொங்கலுக்கு முன்பு ஒரு வேலைநிறுத்தம் நடந்து, நீதிமன்றத் தலையீட்டால் ஒத்திவைக்கப்பட்டது. கையெழுத்து 2025 மே 29 அன்றுதான் விழுந்தது, ஆறு சதவீதம்.

இப்போது மாதங்களைக் கூட்டிப் பார்க்கலாம். 13-ஆவதற்குத் தாமதம் 16 மாதம், 14-ஆவதற்கு ஏறத்தாழ 36, 15-ஆவதற்கு ஏறத்தாழ 21. மொத்தம் 73. 2016 செப்டம்பர் தொடக்கத்திலிருந்து 2025 மே கடைசி வரை 105 மாதங்கள். அதாவது இந்தக் காலத்தில் பத்துக்கு ஏழு மாதம் தொழிலாளி காலாவதியான ஒப்பந்தத்தின் சம்பளத்தில் வேலை செய்திருக்கிறார். தாமதம் விதிவிலக்கு என்று இனிச் சொல்ல வழியில்லை. தாமதம்தான் வழக்கம், நடப்பு ஒப்பந்தத்தில் வாழ்வதே விதிவிலக்கு.

துறைமுகத்துக்கு வருவோம். நாட்டின் பெருந்துறைமுகங்களில் மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களின் ஊதியம் ஒரே குழுவில் பேசப்படுகிறது. இருதரப்பு ஊதியப் பேச்சுவார்த்தைக் குழு என்று பெயர். ஒருபுறம் இந்தியத் துறைமுகங்கள் சங்கத்தின் சார்பில் நிர்வாகங்கள், மறுபுறம் ஆறு சம்மேளனங்கள். 2017 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வர வேண்டிய ஒப்பந்தம் 2018 ஆகஸ்ட் 30-இல் கையெழுத்தானது. அடுத்தது 2022 ஜனவரி 1-இல் தொடங்க வேண்டும். இந்த முறை குழுவை முன்கூட்டியே, 2021 மார்ச்சிலேயே அமைத்திருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. நேரம் போதவில்லை என்று சொல்ல இடமில்லை. ஆனாலும் ஆண்டுகள் உருண்டன. 2024 ஆகஸ்ட் 28 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று சம்மேளனங்கள் அறிவித்தன. 27-ஆம் தேதி உடன்பாடு ஏற்பட்டது: 2021 டிசம்பர் 31 அன்றைய அடிப்படை ஊதியத்தோடு 30 சதவீத அகவிலைப்படி சேர்த்து, அந்தக் கூட்டுத்தொகையில் 8.5 சதவீத உயர்வு. ஒப்பந்தக் காலம் 2026 டிசம்பர் 31 வரை.

அறுபது மாத ஒப்பந்தம். கையெழுத்தான நாளில் அதில் 32 மாதம் ஏற்கெனவே கழிந்துவிட்டது. ஓராண்டு, ஈராண்டு என்று முடியாத பேச்சு, வேலைநிறுத்தத்துக்கு முந்தின நாள் முடிந்தது. அப்படியானால் அது முன்பே முடிந்திருக்கக்கூடிய பேச்சுதானே என்று கேட்கத் தோன்றுகிறது. பேசித் தீர்க்க முடியாத சிக்கல் எதுவும் அந்த ஓரிரவில் அவிழ்ந்துவிடவில்லை. அவசரம் மட்டும் இடம் மாறியது.

அரியர் வந்துவிடுகிறதே, பிறகென்ன இழப்பு என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். உயர்வு மாதம் 5,000 ரூபாய் என்று கொள்வோம். 32 மாதத்துக்கு 1,60,000. முதல் மாதத் தொகை 32 மாதம் தாமதமாக வருகிறது, கடைசி மாதத் தொகை உடனே வருகிறது. சராசரித் தாமதம் 16 மாதம். ஆண்டுக்கு 7 சதவீதத் தனிவட்டி என்றாலும் சுமார் 15,000 ரூபாய் வட்டி. அந்தத் தொகை எந்த ஒப்பந்தத்திலும் அரியராக வருவதில்லை. துறைமுக ஊழியர் சுமார் 20,000 பேருக்குப் பெருக்கினால் 30 கோடி. நிலுவையில் நின்ற பணம் நிர்வாகத்துக்குத் தொழிலாளி கொடுத்த வட்டியில்லாக் கடன். அதே காலத்தில் அந்தத் தொழிலாளி மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கோ, அடகுக் கடையில் வைத்த நகைக்கோ வட்டி கட்டிக்கொண்டிருப்பார். தன் பணத்தை வட்டியில்லாமல் கொடுத்துவிட்டு, பிறர் பணத்தை வட்டிக்கு வாங்குவது.

இதுவும் அரியர் முழுமையாக வந்தால்தான். ஒப்பந்தங்களில் கணக்குக்கு ஒரு தேதி, காசுக்கு ஒரு தேதி என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. உயர்வு இன்ன நாளிலிருந்து கருத்தியலாகக் கணக்கிடப்படும், பணப்பலன் அதற்கு வெகுநாள் பிந்தி இன்ன நாளிலிருந்து என்று இரண்டு வரி. இடைப்பட்ட மாதங்கள் தாளில் இருக்கும், பையில் இராது. 20,000 ரூபாய் அடிப்படை ஊதியத்துக்கு ஆறு சதவீதம் 1,200. ஓராண்டைக் கருத்தியலாக்கினால் போவது 14,400. ஒரு சதவீதம் குறைத்தால் வாயிற்கூட்டத்தில் கூச்சல் எழும். தேதியை நகர்த்தினால் பாதிப் பேர் கவனிப்பதே இல்லை. பேரம் பேசத் தெரிந்த அதிகாரிக்கு இது நன்றாகத் தெரியும்.

சட்டம் எந்தப் பக்கம் நின்றது? 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழில் தகராறுச் சட்டம், 1947-இன் 22-ஆம் பிரிவின்படி பொதுப்பயன் சேவையில் இருப்பவர்கள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்ய முடியாதிருந்தது. அறிவிப்புக் கொடுத்தாலோ, சமரச அதிகாரி நடவடிக்கை தொடங்கியே ஆக வேண்டியிருந்தது. சமரசம் நடந்துகொண்டிருக்கும்போதும் அது முடிந்து ஏழு நாள் வரையும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பேசிக்கொண்டிருக்கும்போது வேலையை நிறுத்தக் கூடாது என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், பேசிக்கொண்டே இருந்தால் போதும். அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிப்பதே ஒரு கேடயம். மறுபுறம், 19-ஆம் பிரிவின்படி காலம் முடிந்த ஒப்பந்தமும் உடனே செத்துவிடவில்லை; முறைப்படி அறிவிப்புக் கொடுத்து முடித்துவைக்கும் வரை கட்டுப்படுத்தியது. தொழிலாளியைப் பாதுகாக்க எழுதிய இந்தப் பிரிவுதான் பழைய ஊதியத்திலேயே அவரை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைக்கவும் உதவியது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதென்று எண்ண வேண்டாம். அமெரிக்க விமான ஊழியர்களின் ஒப்பந்தங்கள் 1926-ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகின்றன. 1936-இல் அது விமானத் துறைக்கும் நீட்டிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தில் ஒப்பந்தம் காலாவதியாவதே கிடையாது. "திருத்தத்துக்கு உரியது" ஆகும், அவ்வளவுதான். தேசிய மத்தியஸ்த வாரியம் விடுவிக்கும் வரை வேலைநிறுத்தம் செய்ய முடியாது. விளைவைப் பாருங்கள். சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் விமானப் பணியாளர் ஒப்பந்தம் 2018 நவம்பரில் திருத்தத்துக்கு வந்தது. புதியது 2024 ஏப்ரலில்தான் நிறைவேறியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் 2019 டிசம்பரில் தொடங்க வேண்டியது 2024 செப்டம்பரில் முடிந்தது. டல்லாஸில் பயணிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கும் பெண்ணும் தண்டையார்பேட்டையில் விசில் அடிக்கும் கண்டக்டரும் ஒரே பொறியில் அகப்பட்டவர்கள். இரண்டு நாட்டிலும் சட்டத்தின் வடிவமைப்பு ஒன்றே: பொதுமக்கள் பயணம் தடைபடக் கூடாது, ஆகவே தொழிலாளி பொறுக்க வேண்டும்.

ஆனால் அமெரிக்கக் கதையில் நமக்கு இல்லாத ஒரு கட்டம் உண்டு. சவுத்வெஸ்ட் பணியாளர்களின் சங்கத் தலைமை 2023-இல் நிர்வாகத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. உறுப்பினர்களிடம் வாக்குக்கு விட்டார்கள். 64 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தலைவர்கள் மேசைக்குத் திரும்பிப் போய், சில மாதங்களில் மேம்பட்ட ஒப்பந்தத்தோடு வந்தார்கள். அதை 81 சதவீதம் பேர் ஏற்றார்கள். 2025-இல் யுனைடெட் விமானப் பணியாளர்களும் தங்கள் சங்கம் கொண்டுவந்த உடன்பாட்டை 71 சதவீத வாக்கில் திருப்பி அனுப்பினார்கள். தங்கள் தலைவர்மேல் கோபம் வந்தால் அதைக் காட்ட ஒரு பெட்டி இருக்கிறது.

நம் பணிமனையில் கோபத்தைக் காட்ட நோட்டீஸ் பலகையும் டீக்கடையும்தான். அதே 1947 சட்டத்தின் பிரிவை வைத்து, 12(3) ஒப்பந்தம் என்று தொழிற்சங்க வட்டாரத்தில் சொல்வார்கள். சமரச அதிகாரி முன்னிலையில் போடப்படும் அந்த ஒப்பந்தம், கையெழுத்திட்ட சங்கத்தின் உறுப்பினரை மட்டுமல்லாமல் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். கையெழுத்திடாத சங்கத்தில் இருப்பவர், எந்தச் சங்கத்திலும் இல்லாதவர், நாளை வேலைக்குச் சேரப்போகிறவர் எல்லாரும் அதில் அடக்கம். இத்தனை பேரைக் கட்டிப்போடும் தாளை, கையெழுத்துக்கு முன் ஒரு தொழிலாளிக்கும் காட்ட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை.

அத்தோடு சங்கங்களின் எண்ணிக்கை. அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் பேச்சுக்கு அழைக்கப்படுபவை அறுபதுக்கும் மேல். எத்தனை கட்சி உண்டோ அத்தனை கொடி பணிமனை வாசலில் பறக்கிறது. இதன் விளைவை 2018-ஐயும் 2024-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். 2018-இல் அதிமுக ஆட்சியில் அக்கட்சியின் அண்ணா தொழிற்சங்கப் பேரவை கையெழுத்திட்டது, தொமுச வேலைநிறுத்தத்தில் நின்றது. 2024 ஜனவரியில் திமுக ஆட்சியில் அண்ணா தொழிற்சங்கப் பேரவை வேலைநிறுத்தத்தில் நின்றது, தொமுச வண்டியை ஓட்டியது. நாற்காலிகள் அப்படியேதான் இருந்தன; உட்கார்ந்தவர்கள் இடம் மாறினார்கள். இரண்டு முறையும் நிறுத்திய பக்கத்தில் நின்றவை இடதுசாரிச் சங்கங்கள். அவற்றின் மேலும் கோபம் உண்டு: முழங்குகிறார்கள், கடைசியில் ஒத்திவைக்கிறார்கள் என்று. நீதிமன்றம் சொன்ன பிறகு ஒத்திவைக்காமல் வேறென்ன செய்வது என்பது அவர்கள் தரப்பு. இரண்டு தரப்பிலும் உண்மை இருக்கிறது.

கட்சிக்காரர் தலைமை தாங்கும் வழக்கம் இந்தப் பகுதியில் பழையது. ஒரு காலத்தில் அதற்குத் தேவையும் இருந்தது. 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது தலைவர் பி.பி. வாடியா, துணை நின்றவர் திரு.வி.க. ஆலையில் வேலை செய்பவர் தலைவரானால் மறுநாள் வேலை போகும் என்ற காலம். வாடியாவையே, ஆலையை நடத்திய பின்னி நிறுவனம் நீதிமன்றத்துக்கு இழுத்தது; அந்த வழக்கின் அதிர்ச்சிதான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழி திறந்தது. அந்தச் சட்டம் நிர்வாகிகளில் பாதிப் பேர் வரை வெளியாளாக இருக்க இடம் கொடுத்தது. பழிவாங்கலிலிருந்து காக்க வந்த வெளியாள், பின்னாளில் கட்சியின் ஆளாகி, ஆட்சி மாறும்போது நிறமும் மாறுபவரானார். பழைய நியாயம் தீர்ந்த பிறகும் ஏற்பாடு மட்டும் நிலைத்துவிட்டது.

எதிர்ப்பக்கம் உட்காருபவரையும் பார்க்க வேண்டும். போக்குவரத்துக் கழக மேலாண் இயக்குநர் கையில் என்ன இருக்கிறது? கட்டணத்தை அவர் நிர்ணயிக்க முடியாது. கடைசியாகக் கட்டணம் உயர்ந்தது 2018 ஜனவரி 20 அன்று, அந்த எட்டு நாள் வேலைநிறுத்தம் முடிந்த ஒன்பதாம் நாள். அதற்குப்பின் டீசல் விலை எங்கோ போனது, கட்டணம் நின்ற இடத்தில் நிற்கிறது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம், மீன் சந்தைக்குப் போகும் காசிமேட்டுப் பெண்ணுக்கும் ஏற்றுமதி ஆடை ஆலைக்குப் போகும் பெண்ணுக்கும் அது எவ்வளவு மிச்சம் என்பதை இந்தப் பகுதியில் இருப்பவர் அறிவர். ஈட்டுத்தொகையை அரசு தருகிறது. ஆக, கழகத்தின் வரவு முழுக்கவும் கோட்டையில் தீர்மானமாகிறது. குரோம்பேட்டையில் மேசைக்கு எதிரே இருப்பவர் தலையாட்டுவார். சாவி நிதித்துறையில் இருக்கும். சங்கங்களும் அது தெரிந்தேதான் அங்கே போய் உட்காருகின்றன.

பணம் போதாத நிறுவனம் என்ன செய்யும்? தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த சேமநல நிதியும் காப்பீட்டுத் தவணையும் கூட்டுறவுச் சங்கக் கடன் தவணையும் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் அன்றாடச் செலவுக்குப் போனது என்பதே 2018 வேலைநிறுத்தத்தின் அடியில் கனன்ற நெருப்பு. ஓய்வு பெற்றவர்கள் பணிக்கொடைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த வேலைநிறுத்தத்தின் நடுவில்தான் ஓய்வூதியர் நிலுவைக்கு 750 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஓய்வூதியரின் அகவிலைப்படி 2015-க்குப் பின் பல ஆண்டுகள் உயரவில்லை. 2024 வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. அரைச் சம்பளம், முழு வேலை என்று யாரும் உத்தரவு போடவில்லை. தேதிகளைத் தள்ளிப்போட்டே அந்த விளைவைக் கொண்டுவந்தார்கள்.

துறைமுகத்தில் கதை வேறு மாதிரி. அங்கே பணமில்லை என்று சொல்வது கடினம். சென்னைத் துறைமுகம் 2020 மார்ச்சில் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தில் மத்திய அரசு வைத்திருந்த மூன்றில் இரண்டு பங்கைச் சுமார் 2,383 கோடி ரூபாய்க்கு வாங்கியது. மீதி மூன்றில் ஒரு பங்கு முன்பே அதன் கையில் இருந்தது. வணிக நோக்கில் இதற்குக் காரணம் சொல்லலாம். நிலக்கரியும் இரும்புத்தாதும் சென்னையில் கையாளப்படக் கூடாது என்று 2011-இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போய்விட்டது. ராயபுரத்து மக்களின் நுரையீரலைக் கேட்டால் அது சரியான தீர்ப்பு. போன சரக்கின் வருமானத்தைப் பிடிக்க அந்தத் துறைமுகத்தையே வாங்கினார்கள் என்று வாதிடலாம். என்றாலும், அந்த 2,383 கோடி போய்ச் சேர்ந்த இடம் மத்திய அரசின் பங்கு விற்பனைக் கணக்கு. அரசு தன் சொத்தைத் தன் இன்னொரு பையிலிருந்து பணமெடுத்துத் தனக்கே விற்றுக்கொண்டது. அந்தப் பைக்குச் சரக்கு ஏற்றி இறக்கிப் பணம் சேர்த்த தொழிலாளிக்கு இரண்டாண்டு கழித்து எத்தனை சதவீதம் என்று முடிவு செய்ய 32 மாதம் ஆனது. நிர்வாகத்தின் முன்னுரிமை எது என்று அறிய ஆண்டறிக்கையைப் படிக்க வேண்டியதில்லை. எது எத்தனை நாளில் முடிந்தது என்று பார்த்தால் போதும்.

காத்திருப்பின் இன்னொரு விளைவை யாரும் மேசையில் பேசுவதில்லை. 2018 ஒப்பந்தத்தின்போது அதன் கீழ் வந்த பெருந்துறைமுக ஊழியர் சுமார் 32,000 பேர் என்று சொன்னார்கள். 2024-இல் சுமார் 20,000. ஆறே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைந்துவிட்டது. யாரையும் விரட்டவில்லை. ஓய்வு பெற்றார்கள், இடம் நிரப்பப்படவில்லை. கன்டெய்னர் வேலை 2001-லேயே பி அண்ட் ஓ நிறுவனத்துக்குப் போய், பிறகு டிபி வேர்ல்டு கைக்கு வந்தது. இரண்டாவது முனையம் 2009 முதல் சிங்கப்பூர் நிறுவனத்திடம். 2021-ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டம் துறைமுகத்தை நிலம் வாடகைக்கு விடும் வீட்டுக்காரராக்கும் திசையில்தான் தள்ளுகிறது. ஒப்பந்தம் தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் அரியர் வாங்க வேண்டியவர் எண்ணிக்கை கரைகிறது. பேரம் பேசும் கையும் தளர்கிறது. மாடியில் குடியிருக்கும் அந்த இளைஞரை நினைவிருக்கிறதா? அவர் ஏற்றும் பெட்டி அதே துறைமுகத்தில்தான் கப்பலேறுகிறது. இருதரப்புக் குழுவின் எந்தத் தரப்பிலும் அவர் இல்லை.

பேருந்திலும் அதே வழி திறந்துவிட்டது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. உலக வங்கி உதவியோடு நடக்கும் இத்திட்டத்தில் தண்டையார்பேட்டை-1 பணிமனையும் இருக்கிறது. வண்டி தனியாருடையது, ஓட்டுநரும் அவர்களுடையவர். கண்டக்டர் மட்டும் கழகத்தவர். ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கும். சத்தமில்லாத வண்டியைப் பயணிகள் விரும்புகிறார்கள், விரும்பத்தான் செய்வார்கள். ஆனால் முன்னால் ஸ்டியரிங் பிடிப்பவருக்கும் பின்னால் டிக்கெட் கிழிப்பவருக்கும் இனி ஒரே ஒப்பந்தம் இல்லை. அடுத்த வேலைநிறுத்தத்தில் யார் வண்டியை நிறுத்துவார், யாரால் முடியும்? தனியார் நிறுவனத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் சேர வேண்டிய பணம் முப்பத்தாறு மாதம் நிலுவையில் நின்றால் அந்த நிறுவனம் என்ன செய்யும் என்பதையும் யோசிக்கலாம். அதன் ஒப்பந்தத்தில் கெடுவும் தண்டமும் இருக்கும். தொழிலாளியின் ஒப்பந்தத்தில் மட்டும் அது இல்லை.

இதனால்தான், சங்கங்கள் சதவீதத்தை ஒரு புள்ளி உயர்த்தப் போராடுவதைவிட ஒரு வரியைப் புதிதாகச் சேர்க்கப் போராடலாம் என்று நினைக்கிறேன். ஒப்பந்தம் முடிந்த மறுநாளிலிருந்து, புதியது கையெழுத்தாகும் வரை, குறித்த அளவு இடைக்கால உயர்வு தானாக வரும். நிலுவைக்கு வட்டி உண்டு என்ற ஒரு வரி. அகவிலைப்படி ஏறத்தாழ அப்படித்தானே விலைவாசியோடு சேர்ந்து நகர்கிறது? தாமதத்துக்கு விலை வந்துவிட்டால் நிர்வாகத்துக்கும் நாட்காட்டி நினைவுக்கு வரும். நட்டத்தில் ஓடும் கழகத்தால் இது முடியுமா என்று நிதித்துறை கேட்கும். கடைசியில் எப்படியும் கொடுக்கத்தான் போகிறார்கள்; இரண்டாண்டு கழித்துக் கொடுப்பதால் நட்டம் குறைந்துவிடுவதில்லை, தொழிலாளியின் தலைக்கு மாறுகிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு வழி இருக்கிறது. 2024 மே மாதத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். விமானங்கள் ரத்தாயின. நிறுவனம் சுமார் 25 பேரை வேலைநீக்கம் செய்தது. டெல்லியில் தலைமைத் தொழிலாளர் ஆணையர் முன் நடந்த ஒரே அமர்வில் நீக்கம் திரும்பப் பெறப்பட்டது, பணியாளர்கள் திரும்பினார்கள். பல மாதப் புகார்களுக்குக் கிடைக்காத செவி இரண்டு நாளில் கிடைத்தது. முறையான வழி நீண்டுகொண்டே போனால் முறைசாரா வழி பிறக்கும் என்பதற்கு அது சான்று. அந்த வழியும் இப்போது குறுகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தில், பாதிப் பேரோ அதற்கு மேலோ சொல்லிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம். 14 நாள் முன்னறிவிப்பு இனிப் பொதுப்பயன் சேவைக்கு மட்டுமில்லை, எல்லா நிறுவனத்துக்கும். சமரசம் நடக்கையில் வேலைநிறுத்தத் தடை அப்படியே தொடர்கிறது.

பல கொடிகள் பறக்கும் வாசலுக்கும் அந்தச் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. 51 சதவீத ஆதரவுள்ள சங்கம் தனியாகப் பேசும். யாருக்கும் அது இல்லையென்றால் 20 சதவீதமாவது உள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுவார்த்தை மன்றம். தண்டையார்பேட்டை பணிமனை வாசலில் கொடிக்கம்பங்கள் பல குறையும். மேசையில் கூட்டம் குறையும். பேச்சு விரைவாக முடியவும் கூடும். ஆளுங்கட்சிச் சங்கம் உறுப்பினர் சேர்க்கையில் எப்போதும் முந்தும் ஊரில் அந்த 51 யாருக்குப் போகும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு வேண்டாம். துறைமுக ஒப்பந்தம் 2026 டிசம்பர் 31-இல் முடிகிறது. அதற்குப் பின் வரும் ஒப்பந்தத்தையும், பேருந்தில் அடுத்து வரும் ஒப்பந்தத்தையும் கையெழுத்துக்கு முன் தொழிலாளர் வாக்குக்கு விட வேண்டும் என்று இந்தப் புதிய சட்டமும் எங்கும் சொல்லவில்லை. சங்கங்கள் தாங்களாகவே அப்படிச் செய்யக் கூடாதென்றும் அது சொல்லவில்லை.